விரத நாளில் மட்டும் வந்த மூச்சு

என் கை நடுங்குவதை முதலில் கவனித்தவர் எங்கள் மெஸ் முதலாளி. செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் அந்தச் சின்ன மெஸ் இருக்கிறது. வெளிநாட்டுக்காரர்களும் வருவார்கள், ஆட்டோக்காரர்களும் வருவார்கள். எனக்குத் தோசைக்கல்லில் வேலை. ஒரு நாள் காலையில் மாவை ஊற்றிச் சுழற்றினேன். வட்டம் வராமல் ஓரமெல்லாம் பல்லுப் பல்லாக வந்தது. முதலாளி கல்லாவில் இருந்தபடியே எட்டிப் பார்த்தார்.

"இன்னாய்யா, காலங்காத்தாலயே போட்டுட்டியா?"

நான் குடித்ததே இல்லை. ஆனால் நாலு பேர் இருக்கிற இடத்தில் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. தலையை மட்டும் ஆட்டினேன். நான் ஆமாம் என்கிறேனா, இல்லை என்கிறேனா என்று அவருக்குப் புரிந்திருக்காது. சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள்.

நடுக்கம் எதனால் என்று எனக்குத் தெரியும். மெஸ்ஸுக்கு வருவதற்கு முன் இருபது வருஷத்துக்கு மேல் கல்யாண மண்டபங்களில் விறகடுப்பில் சமைத்தவன் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அடுப்படிதான். ஈர விறகு வந்துவிட்டால் மண்டபத்தின் பின்கட்டில் எதிரில் நிற்கும் ஆள் தெரியாது. நாற்பத்தைந்து வயதைத் தாண்டியபோது மூச்சு வாங்க ஆரம்பித்தது. பெரியாஸ்பத்திரியில் நெஞ்சு டாக்டர் ஒரு குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்தார். பீடி பழக்கம் உண்டா என்று கேட்டார். இல்லை, அடுப்பு என்றேன். புரிந்தது போலத் தலையசைத்தார்.

"நுரையீரல்ல நாள்பட்ட அடைப்பு. போனது திரும்பி வராதுங்க. இருக்கிறதைக் காப்பாத்திக்கலாம்" என்று சொல்லி, வாயில் வைத்து இழுக்கும் பம்பு எழுதிக் கொடுத்தார். அதை இழுத்தால் சிலருக்குக் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும் என்றும் அன்றே சொன்னார். நான் அவர் சொன்ன அளவுக்கு மேலேயே இழுத்துக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் மெஸ்ஸில் ஒருவருக்கும் சொல்லவில்லை. கொரோனா வந்து போன பிறகு, ஒரு வாரம் தும்மிக்கொண்டிருந்த பரிமாறுகிற ஆளை முதலாளி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவர் திரும்பி வரவே இல்லை. எங்கள் தெருவில் நுரையீரல் வியாதி என்றால் டிபி என்றுதான் அர்த்தம். டிபிக்காரன் ஊற்றுகிற தோசையை யார் தின்பார்கள்? அதனால் பம்பை பேண்ட் பையில் வைத்துக்கொண்டு, மெஸ்ஸுக்குப் பின்னால் இருக்கும் கக்கூசுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு இழுப்பேன்.

கை நடுக்கத்துக்கு வைத்தியம் பார்க்கச் சொல்லி என் மனைவிதான் துரத்தினாள். வேங்கிக்காலில் ஒரு ஆபீசில் ஒப்பந்தத்தில் கூட்டித் துடைக்கும் வேலை அவளுக்கு. வீட்டில் நான் பேச வேண்டியதையும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். அன்றைக்கு அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. எங்கள் தெரு முனையில் இருக்கும் கிளினிக்குக்குத் தனியாகப் போனேன்.

ஒரே அறை. நடுவில் ஒரு திரை. இந்தப் பக்கம் பெஞ்சில் ஏழெட்டுப் பேர், அந்தப் பக்கம் டாக்டர் அம்மா. அவர் கேட்பதும் நோயாளி சொல்வதும் பெஞ்சு முழுக்கக் கேட்கும். எனக்கு அடுத்த டோக்கன், எங்கள் மெஸ்ஸுக்குப் பால் ஊற்றுகிறவர்.

டாக்டர் அம்மா என் கையை நீட்டச் சொல்லிப் பார்த்தார். பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தார். "பிரஷர் ஜாஸ்தியா இருக்கே. வேற எதாவது வியாதி இருக்கா? சுகர், ஆஸ்துமா, வீசிங் மாதிரி?" என்று கேட்டார்.

திரைக்கு அந்தப் பக்கம் பால்காரர் செருமினார்.

"இல்லைங்க" என்றேன்.

"எதாவது மருந்து சாப்பிடுறீங்களா?"

"இல்லைங்க."

நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். கிளம்பும்போதுதான் பம்பு இழுத்திருந்தேன். அதனால் அந்த நேரத்துக்கு நெஞ்சில் சத்தம் ஒன்றும் இல்லை. "நடுக்கத்துக்கும் பிரஷருக்கும் சேத்து ஒரே மாத்திரையா தரேன். காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. சாப்பிட்ட பிறகு போடணும்" என்று எழுதிக் கொடுத்தார்.

சாயங்காலம் என் மனைவி கேட்டாள்: "பம்பு இழுக்கிறதைச் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

அவள் மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் முகமே காட்டிக்கொடுத்திருக்கும்.

மாத்திரை நன்றாக வேலை செய்தது. மூன்றாம் நாளே கை நின்றுவிட்டது. தோசை வட்டமாக வந்தது. "இப்ப பாரு, எப்படிக் கீது. விட்டுட்டியா?" என்று முதலாளி கேட்டார். அதற்கும் தலையை ஆட்டினேன். அடுத்த தடவை பார்த்தபோது பிரஷரும் இறங்கியிருந்தது. அந்தச் சின்ன மாத்திரையைக் கையில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு நன்றியாகவே இருந்தது.

மூச்சு எப்போது கெட ஆரம்பித்தது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கிரைண்டர் இருக்கும் பின்கட்டிலிருந்து மாவு வாளியைத் தூக்கிக்கொண்டு மூன்று படி ஏறினால் தோசைக்கல் வந்துவிடும். முன்பெல்லாம் ஏறியதும் ஒரு தடவை நின்று மூச்சு விடுவேன். பிறகு இரண்டாவது படியிலேயே நிற்க வேண்டியிருந்தது. அப்புறம் ஒவ்வொரு படியிலும். பேசும்போது நடுவில் வார்த்தை அறுந்தது. நான் பேசுவதே கம்மி என்பதால் யாருக்கும் அது தெரியவில்லை. என்னைப் பயமுறுத்தியது பம்புதான். முன்பு இரண்டு இழுப்பு இழுத்தால் பத்து நிமிஷத்தில் நெஞ்சுக்கட்டு தளரும். இப்போது நாலு இழுத்தும் வெறும் காற்றை இழுத்தது போல இருந்தது. பம்பு தீர்ந்துவிட்டதோ என்று ஆட்டிப் பார்ப்பேன். உள்ளே மருந்து இருந்தது.

போனது திரும்பி வராது என்று நெஞ்சு டாக்டர் சொன்னாரே, மிச்சமும் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். மண்டபத்தில் எனக்குத் தலைமைச் சமையல்காரராக இருந்தவர் கடைசி வருஷத்தில் கட்டிலில் இரண்டு தலையணை முட்டுக்கொடுத்து, மூக்கில் குழாயோடு உட்கார்ந்தே இருந்தார். நான் பார்க்கப் போனபோது, வா என்று சொல்வதற்கு அவருக்கு இரண்டு மூச்சு வேண்டியிருந்தது. மாவு வாளியோடு படியில் நிற்கும்போதெல்லாம் அவர் உட்கார்ந்திருந்த விதம் கண்ணுக்குள் வந்தது. எனக்கு எத்தனை மாசம் என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது.

"பெரியாஸ்பத்திரிக்குப் போலாம் வாங்க" என்றாள் மனைவி.

"ரெண்டு மாசம் கழிச்சு வரச் சொல்லியிருக்காங்க."

"அதுக்குள்ள முடியலன்னா போவக்கூடாதா?"

போனால் முடிந்துவிட்டது என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்தான்.

அந்த மாசம் பௌர்ணமி வந்தது. எங்கள் வீட்டில் பௌர்ணமிக்கு விரதம் உண்டு. நிலாவைப் பார்த்துக் கும்பிட்ட பிறகுதான் சோறு. அண்ணாமலையார் மலையைச் சுற்ற வெளியூர் ஜனமெல்லாம் வருவதால், மெஸ்ஸில் மற்ற நாளைவிட அன்றைக்குக் கூட்டம் இரண்டு மடங்கு. நான் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு நின்றுகொண்டே தோசை ஊற்றுவேன். வெறும் வயிற்றில் மாத்திரை போடக்கூடாது என்று டாக்டர் சொன்னதால் காலையில் போடவில்லை. பொழுது சாய்ந்து சாப்பிட்ட பிறகு அசதியில் அப்படியே படுத்துவிட்டேன். அந்த வேளை மாத்திரையும் போயிற்று.

அன்று மத்தியானமே ஒன்றைக் கவனித்தேன். வாளியைத் தூக்கிக்கொண்டு நிற்காமல் படியேறி வந்திருக்கிறேன். வாளியைக் கீழே வைத்த பிறகுதான் அது மனசில் பட்டது. மறுநாள் காலை தெருக்குழாய் வரைக்கும் போய் ஒரு குடம் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தேன். மனைவி குடத்தையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். "அண்ணாமலையாருக்குக் கண்ணு தொறந்துடுச்சு" என்றாள்.

சாப்பிட்டு மாத்திரை போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலத்துக்குள் நெஞ்சு மறுபடி கட்டிக்கொண்டது.

அடுத்த பௌர்ணமியிலும் அதே மாதிரி நடந்தது. அதற்குப் பிறகு எனக்குச் சந்தேகமே இல்லை. விரதம்தான் காரணம். ஒரு பக்கம் சாமி என்று நம்பினேன். இன்னொரு பக்கம் எனக்குத் தெரிந்த அளவில் ஒரு நியாயமும் கண்டுபிடித்தேன். வயிறு நிறைந்திருந்தால் அது நெஞ்சை மேலே தள்ளும். காலியாக இருந்தால் மூச்சுக்கு இடம் கிடைக்கும். அடுப்படியில் இருபது வருஷம் வயிறு முட்டத் தின்றதுதான் வியாதி என்றுகூட நினைத்தேன்.

அதனால் கிருத்திகைக்கு விரதம் இருந்தேன். பிரதோஷத்துக்கு இருந்தேன். பிறகு திங்கட்கிழமைகளையும் சேர்த்துக்கொண்டேன். ஒவ்வொரு விரதத்துக்கும் மூச்சு வந்தது. மறுநாள் சாப்பிட்டதும் போயிற்று. சோற்றைப் பார்த்தாலே பயம் வந்தது.

"இன்னாய்யா, என் கடை தோசையைத் தின்னா பாவமா?" என்று முதலாளி கேட்டார்.

"சாமியாரா ஆவறதா இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க. நான் எங்க அம்மா ஊட்டுக்குப் போறேன்" என்றாள் மனைவி. அவள் சிரித்தாலும் தட்டை என் முன்னால் நகர்த்தி வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

ஒரு திங்கட்கிழமை, பத்து மணி இருக்கும். பின்னங்கழுத்தில் யாரோ அடிப்பது போல விண்விண் என்று தெறித்தது. தோசைக்கல் இரண்டாகத் தெரிந்தது. நெஞ்சு தபதபவென்று ஓடியது. கரண்டியை வைத்துவிட்டு அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்தேன். பசி மயக்கம் என்று முதலாளி சோடா கொடுத்தார், ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார். மனைவிக்குப் போன் போயிருக்கிறது. அவள் ஆபீசிலிருந்து வந்தவள் நேராக மாத்திரை டப்பாவைத்தான் திறந்தாள். பிரஷர் மாத்திரை அட்டையை வெளியே எடுத்தாள்.

"இந்நேரம் தீர்ந்திருக்கணும். இவ்ளோ மீதி கீதே, எப்படி?"

"விரதத்தன்னிக்கு போடறதில்ல. வெறும் வயித்துல போடக்கூடாதுன்னாங்க."

அவள் அட்டையில் மீதி இருந்த மாத்திரைகளை விரல் வைத்து எண்ணினாள்.

"மூச்சு நல்லா வர்றது என்னிக்கு?"

"விரதத்தன்னிக்கு."

"மாத்திரை போடாதது என்னிக்கு?"

நான் தரையைப் பார்த்தேன். இத்தனை நாள் இது எனக்குத் தோன்றவே இல்லை. தோன்ற விடவில்லை என்று சொல்வதுதான் சரி. கையை நிறுத்தின மாத்திரை அது. அதைச் சந்தேகப்பட்டால் டாக்டர் அம்மாவிடம் போக வேண்டும், அவரிடம் சொன்ன பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டும்.

"நாளைக்கும் விரதம் இருங்க. ஆனா ஒரு டம்ளர் மோர் குடிச்சிட்டு மாத்திரையைப் போடுங்க."

"விரதத்துல மோரா?"

"மோருக்கெல்லாம் சாமி கோச்சுக்காது. பாத்துடலாம், சாமியா மாத்திரையான்னு."

மறுநாள் வேலைக்குப் போகாமல் வீட்டிலிருந்து அப்படியே செய்தேன். வயிறு காலி, மாத்திரை உள்ளே. மத்தியானம் மனைவி வேலையிடத்திலிருந்து போன் செய்தபோது என்னால் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை. நெஞ்சுக்குள் விசில் அடித்தது. அந்தப் பக்கம் அவளுக்கே கேட்டிருக்கிறது.

"வரேன், இருங்க" என்றாள். வந்ததும், "கிளம்புங்க. கிளினிக்குக்குப் போலாம்" என்றாள்.

"நீ மட்டும் போய்ச் சொல்லிடேன்."

"இன்னான்னு?"

அப்போதுதான் அவளிடமும் ஒப்புக்கொண்டேன், பம்பு விஷயத்தைச் சொல்லவே இல்லை என்று. அவள் திட்டவில்லை. புடவையைச் சரிசெய்துகொண்டு வாசலில் நின்றாள். "நான் கூட வரேன். ஆனா வாயைத் தொறக்க மாட்டேன். பொய் சொன்னது நீங்க, நீங்களே சொல்லுங்க" என்றாள்.

கிளினிக்கில் அன்றைக்குப் பெஞ்சு நிறைந்து சுவரோரமும் ஆட்கள் நின்றார்கள். டோக்கன் கொடுக்கும் பெண் என் மூச்சைப் பார்த்து முன்னால் விட்டாள். மனைவி சொன்னபடி வாயை மூடிக்கொண்டு ஸ்டூலுக்குப் பின்னால் நின்றாள்.

"என்னங்க ஆச்சு?" என்றார் டாக்டர் அம்மா.

சொன்னேன்.

"கேக்கல. ஃபேன் சத்தம். கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

திரைக்கு அந்தப் பக்கம் பேச்சு அடங்கியிருந்தது. காது சூடாவது எனக்கே தெரிந்தது. இரண்டு மூச்சு இழுத்துக்கொண்டேன். "எனக்கு நுரையீரல்ல அடைப்புங்க. ரெண்டு வருசமா பம்பு இழுக்கறேன். உங்க கிட்ட சொல்லல" என்றேன். இந்தத் தடவை தெருவுக்கே கேட்டிருக்கும்.

அவர் பேனாவை வைத்தார். "நான் கேட்டேனே."

"கேட்டீங்க."

"இல்லன்னு சொன்னீங்க."

"சொன்னேங்க."

என்னைக் கோபமாகப் பார்க்கிறாரா, பயந்து பார்க்கிறாரா என்று தெரியவில்லை. நெஞ்சில் குழாய் வைத்து வெகுநேரம் கேட்டார். முகமூடி வைத்து மருந்துப் புகை கொடுத்தார். அது உள்ளே போய்க்கொண்டிருக்கும்போது விளக்கிச் சொன்னார். பிரஷர் மாத்திரையில் பல வகை உண்டாம். இந்த வகை நெஞ்சுத் துடிப்பையும் நடுக்கத்தையும் அடக்கும். ஆனால் மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். நல்ல நுரையீரலுக்கு அது தெரியாது, என்னைப் போன்றவர்களுக்கு ஆகாது. அதோடு பம்பு மருந்து எந்த இடத்தில் போய் வேலை செய்ய வேண்டுமோ, அந்த இடத்தையே இந்த மாத்திரை போய்ப் பிடித்துக்கொள்ளுமாம். பம்பு வெறும் காற்றாகப் போனதற்கு அதுதான் காரணம்.

"அப்ப நோய் முத்திப் போவலீங்களா?"

"அதை நெஞ்சு டாக்டர் பாத்துட்டுத்தான் சொல்லணும். ஆனா இவ்ளோ மோசமானதுக்கு மாத்திரையும் ஒரு காரணம்."

பிறகு விரதக் கதையைக் கேட்டார். முழுக்கக் கேட்டுவிட்டு, "நாலு நாள் போட்டு ஒரு நாள் விடறது அதைவிட ஆபத்துங்க. இதை திடீர்னு நிறுத்தினா பிரஷர் துள்ளும். நெஞ்சுவலியே வரலாம். அன்னிக்கு உங்களுக்கு மயக்கம் பசியால வந்ததா, இதால வந்ததா, யாருக்குத் தெரியும்? மூச்சு இதாலதான் கெடுதோன்னு சந்தேகம் வந்தும் இன்னிக்கு மாத்திரை போட்டுப் பாத்திருக்கீங்களே, அது யாரு குடுத்த யோசனை?" என்றார்.

மனைவி ஃபேனைப் பார்த்தாள்.

டாக்டர் அம்மா பெரியாஸ்பத்திரி நெஞ்சு டாக்டரிடம் போனில் பேசினார். வேறு வகை மாத்திரை எழுதினார். பழையதை எப்படி விடுவது என்று அவர் சொல்லச் சொல்ல மனைவி சீட்டின் பின்பக்கம் குறித்துக்கொண்டாள். மறுநாளே நெஞ்சு டாக்டரைப் பார்க்கச் சொன்னார். "கை நடுக்கம் கொஞ்சம் திரும்பி வரும். பம்பை அளவா இழுத்தா அதுவும் கம்மியாவும். புது மாத்திரைக்குச் சிலருக்குக் காலு வீங்கும். வீங்கினா வந்து சொல்லணும். நீங்களா நிறுத்தக்கூடாது. விரதமா இருந்தாலும் மாத்திரை போடணும். புரிஞ்சுதா?"

வெளியே வரும்போது பெஞ்சில் இருந்த ஒரு அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டது. "அது ஒட்டிக்குமாங்க?" என்று என் மனைவியிடம் கேட்டது. "விறகடுப்புப் புகைம்மா. உனக்குந்தான் இருக்கும், போய்ப் பாத்துக்க" என்றாள் என் மனைவி. அதுவரைக்கும் அடக்கி வைத்திருந்த வாய் அது.

ஒரு வாரத்தில் மூச்சு பழைய அளவுக்கு வந்தது. படியேறி ஒரு தடவை நிற்பேன், அவ்வளவுதான். அதற்கு மேல் வராது என்று நெஞ்சு டாக்டரும் சொல்லிவிட்டார். தோசையின் ஓரம் மறுபடி பல்லுப் பல்லாக வந்தது.

"இன்னாய்யா, மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?" என்றார் முதலாளி.

"பம்புங்க" என்றேன். "மூச்சுக்கு இழுக்கறேன். அதான் கை ஆடுது."

அவர் சில்லறையை எண்ணுவதை நிறுத்தினார். "ஒட்டுற வியாதியா?"

"இல்லீங்க."

"சீட்டு கீதா?"

மறுநாள் ஆஸ்பத்திரிச் சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் படித்தார். கல்லா மேசைக்குள் போட்டுக்கொண்டார். அன்றைக்குச் சாயங்காலம் வரை அவர் முகத்தைப் பார்க்காமலே தோசை ஊற்றினேன். கடை சாத்தும்போது, "புகை போற அந்த ஃபேனை ரிப்பேர் பண்ணணும். ஆளைக் கூட்டினு வா" என்றார். வேலை இருக்கிறது என்று அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

இப்போது காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் கணுக்காலைக் கட்டை விரலால் அழுத்திப் பார்க்கிறேன். பல நாள் ஒன்றும் இல்லை. போன வாரம் ஒரு நாள் அழுத்தினேன், குழி விழுந்து அப்படியே நின்றது. நாளெல்லாம் நிற்கிறோம், அதனால் இருக்கும் என்று நினைத்தேன். நாளைக்குப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அப்புறம் சட்டையை மாட்டிக்கொண்டு தெரு முனைக்குப் போனேன்.

கிளினிக் ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. டோக்கன் கொடுக்கும் பெண் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் இன்னும் வரலீங்க. ஒன்பது மணிக்குத்தான்."

"கால் வீங்கியிருக்குது" என்றேன்.

"அதை அவங்க வந்ததும் சொல்லுங்க."

"அவங்க கிட்டயும் சொல்றேன்" என்றேன்.